தொண்ணூற்றோராம் நாள்

அந்தச் சலவைக்கூடத்தில் எல்லாரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. ஈரப் பெட்ஷீட்டின் இரண்டு முனைகளைப் பிடித்து, கொதிக்கக் கொதிக்கச் சுழலும் இஸ்திரி ரோலருக்குள் சுருக்கமில்லாமல் விடுவதுதான் இருபத்தொரு வருஷமாக அவள் செய்துவந்த வேலை. மற்ற இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றவள் சின்னக்கா. வயதில் எல்லாருக்கும் மூத்தவள்தான். ஆனால் அவள் வேலைக்குச் சேர்ந்த நாளில் அங்கே ஒரு பெரியக்கா இருந்தாள். அந்தப் பெரியக்கா போய்ச் சேர்ந்து பல காலம் ஆகியும் இவள் மட்டும் சின்னக்காவாகவே நின்றுவிட்டாள்.

டீச்சர் என்ற பெயர் வந்தது காகிதங்களால். அங்கே யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் நேரே அவள் கைக்குத்தான் வரும். வங்கிப் படிவம், ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டீஸ், எதுவானாலும் சாப்பாட்டு நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு படித்துச் சொல்வாள். கடினமான வார்த்தை வந்தால் இரண்டு தடவை படிப்பாள். "நம்ம டீச்சர் படிச்சா கடிதத்துல இருக்கிற கோபம்கூடக் குறைஞ்சிடும்" என்பாள் சின்னக்கா.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேனேஜர் கூடத்துக்குள் வந்து ரோலரை நிறுத்தச் சொன்னார். பிறகு வாஷிங் மெஷின்களை நிறுத்தச் சொன்னார். பகல் நேரத்தில் அந்தக் கூடம் அப்படி அடங்கி யாரும் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் கத்தியே பேசிப் பழகியவர்களுக்கு அவரவர் குரலே அதட்டல் மாதிரி கேட்டது. துணி அனுப்பிக்கொண்டிருந்த மூன்று ஆஸ்பத்திரிகளும் சொந்தமாக மெஷின் வாங்கிவிட்டன, இந்த மாதத்தோடு கூடம் மூடப்படுகிறது என்று மேனேஜர் சொன்னார். சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை, தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் ஆளுக்கொரு கவர் கொடுத்தார்கள். வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் மூன்று வாரச் சம்பளம், சட்டப்படி தரவேண்டிய ஆட்குறைப்புத் தொகை என்று உள்ளே எழுதியிருந்தது. டீச்சர் தன் காகிதத்தைப் படித்தாள். சேவைக் காலம் ஒன்பது வருஷம் என்று இருந்தது. ஏதோ தப்பாக அச்சாகிவிட்டது என்று நினைத்துச் சின்னக்காவின் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அதிலும் ஒன்பது. துவாலை மடிக்கும் அக்கா தங்கை இருவருக்கும் அதே ஒன்பது. பாய்லர் பார்க்கும் ஆளுக்கும் ஒன்பது. மேனேஜரை விட்டால் அந்த ஐந்து பேர்தான் அங்கே பழைய ஆட்கள். மற்றவர்கள் எல்லாம் நாலைந்து வருஷத்துக்குள் வந்தவர்கள்.

விஷயம் இதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கம்பெனி கைமாறியது. வாசலில் பெயர்ப்பலகையை மாற்றினார்கள், சம்பளச் சீட்டில் பெயர் மாறியது. அதே கூடம், அதே ரோலர், அதே மேனேஜர். ஒரு நாள்கூட வேலை நிற்கவில்லை. ஆனால் புதுக் கம்பெனி தன் பெயர் வந்த நாளிலிருந்துதான் கணக்கு எழுதியிருந்தது.

பாய்லர்க்காரர் காகிதத்தை வாங்கியதும் வெடித்துவிட்டார். அவர் எப்போதும் அப்படித்தான். "அப்படின்னா அதுக்கு முன்னாடி பன்னெண்டு வருஷம் இங்க பாய்லர்கிட்ட நின்னது யாரு? என் ஆவியா?" என்றார். அந்த நிலைமையிலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை.

மேனேஜர் அவரைத் தோளைத் தொட்டு அமர்த்தினார். "கோர்ட்டு கேஸுன்னு கிளம்பினா வருஷக் கணக்குல இழுப்பாங்க. அவங்களும் முறுக்கிக்குவாங்க. மறுபரிசீலனை பண்ணணும்னு ஒரு கடிதம் எழுதிக் குடுங்க. நான் ஹெட் ஆபீஸுக்கு அனுப்பி வெக்கிறேன். டீச்சர், உங்களுக்குத்தான் எழுத வருமே, நீங்களே எழுதிடுங்க" என்றார்.

டீச்சர் மூன்று நாள் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதினாள். பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்து, தேதி போட்டு, ஒவ்வொருவருக்கும் எத்தனை வருஷம் விடுபட்டிருக்கிறது என்று வரிசையாகக் காட்டினாள். ஒரு கடுமையான வார்த்தைகூட இல்லை. எழுதி முடித்துக் கணவனிடம் படித்துக் காட்டினாள். அவர் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். பார்வை மங்கிப்போய் இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தார். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கல்லும் கரைஞ்சிடும்" என்றார். டீச்சருக்கு அந்தக் கடிதத்தை நினைத்து உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

டீச்சரும் துவாலை அக்கா தங்கையும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். சின்னக்கா மட்டும் கைரேகை வைத்தாள். பாய்லர்க்காரர் சேரவில்லை.

"கெஞ்சி எழுதின காகிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

"கெஞ்சல அண்ணே. கேட்டிருக்கேன்."

"அவங்ககிட்டப் போயி அவங்களப் பத்தியே கேக்கறீங்க."

அவர் நேராகத் தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போய் வழக்குப் பதிவு செய்துவிட்டு, அங்கே கொடுத்த துண்டுப் பிரசுரம் ஒன்றை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. விரல் வைத்து ஒரு வரியைக் காட்டினார். ஆட்குறைப்புத் தொகை பற்றிய முறையீட்டை, பணி முடிந்த நாளிலிருந்து தொண்ணூறு நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

"தொண்ணூறு நாள் டீச்சர். அதுக்கப்புறம் தலைகீழா நின்னாலும் வாங்க மாட்டாங்களாம்."

"நாங்கதான் எழுதிக் குடுத்திருக்கோமே அண்ணே. அவங்க அதைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது நாள் எப்படி ஓடும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? போட்டிருக்கிறதைக் காட்டினேன்." அவர் போய்விட்டார்.

டீச்சர் அந்தப் பிரசுரத்தை எடுத்துக்கொண்டு சின்னக்காவின் அறைக்குப் போனாள். துவாலை அக்கா தங்கையையும் வரச் சொல்லியிருந்தாள். கட்டிலில் மூன்று பேரும் வரிசையாக உட்கார, அவள் நின்றபடி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். தொண்ணூறு நாள் என்ற இடத்தை வழக்கம்போல இரண்டு தடவை படித்தாள்.

"அப்ப நாமளும் போட்டுட வேண்டியதுதானே?" என்றாள் தங்கை.

டீச்சர் யோசித்தாள். இப்போது போய் வழக்குப் போட்டால் ஹெட் ஆபீஸில் அந்தக் கடிதத்தைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். மேனேஜர் நமக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார், அவர் முகத்தில் கரியைப் பூசினது மாதிரி ஆகிவிடும். மேலும், ஒருத்தர் பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கும்போது நேரம் முடிந்துவிட்டது என்று சட்டம் எப்படிச் சொல்லும்? எந்தச் சட்டமும் அவ்வளவு மொட்டையாக இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. அதையெல்லாம் எடுத்துச் சொன்னாள்.

"நீங்க சொன்னா சரி" என்றாள் சின்னக்கா. மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் டீச்சர் மேனேஜருக்கு ஆறு தடவை போன் செய்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் மரியாதையாகவே பேசினார். கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது, மேலே படித்துவிட்டார்கள், கணக்குப் பிரிவில் இருக்கிறது. எண்பத்தைந்தாவது நாள் போன் செய்தபோது, "இந்த வாரமே வந்துடும், நல்ல பதிலாத்தான் இருக்கும்போல" என்றார். டீச்சர் அன்று சாயங்காலமே சின்னக்காவுக்கும் அக்கா தங்கைக்கும் போன் செய்து சொன்னாள். மகளிடமும் சொன்னாள். மகள் ரத்தப் பரிசோதனைக்கூட வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருஷம்.

பதில் தொண்ணூற்று நான்காவது நாள் வந்தது. ஒரே பத்தி. தங்கள் கோரிக்கை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது, முந்தைய கணக்கில் மாற்றம் செய்ய இடமில்லை. கடிதத்தின் மேலே போட்டிருந்த தேதியை டீச்சர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். தொண்ணூற்றோராவது நாள். மறுபடி எண்ணினாள். அதே.

கணவன் "என்னம்மா, என்ன போட்டிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் காலண்டரை இறக்கி மூன்றாம் தடவையாக எண்ணினாள்.

மறுநாள் காலை தீர்ப்பாயத்தின் ஜன்னலில் முதல் ஆளாக நின்றாள். உள்ளே இருந்த குமாஸ்தா பணி முடிந்த தேதியைக் கேட்டார், கால்குலேட்டர் மாதிரி ஒரு நொடியில் சொன்னார். "அஞ்சு நாள் தாண்டிடுச்சேம்மா."

"அவங்க பதில் நேத்துதான் சார் வந்துச்சு. பதில் வந்த நாள்லேர்ந்து..."

"பதில் எப்ப வந்தா என்ன? வேலை போன நாள்தான் கணக்கு. கம்பெனிக்கு எழுதினதால நாள் நிக்காது."

"அப்படின்னு இதுல போடலையே சார்." அவள் பிரசுரத்தை நீட்டினாள்.

அவர் வாங்கிப் பார்த்தார். "நிக்கும்னும் போடலையே" என்றார். குத்திச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். பிறகு ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். தாமத மன்னிப்பு மனு. தக்க காரணம் இருந்தால் நடுவர் மன்னிக்கலாம்.

அந்தக் காரணத்தை மேனேஜரிடம் எழுதி வாங்கலாம் என்று டீச்சர் அவர் வீடு தேடிப் போனாள். காத்திருக்கச் சொன்னது அவர்தானே. போகிற வழியெல்லாம் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள். மேனேஜர் லுங்கியும் பனியனுமாக வந்து கதவைத் திறந்தார். ஷேவ் செய்து ஒரு வாரம் இருக்கும். அவள் கேட்டு முடிப்பதற்குள் உள்ளே போய் ஒரு கவரை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். அதுவும் அதே ஒரு பத்திக் கடிதம், அதே தேதி. அவர் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். அவருக்கும் ஒன்பது வருஷம்தான் போட்டிருந்தார்கள். அவரும் கேஸ் போடாமல் காத்திருந்திருக்கிறார்.

"என்கிட்டயும் நல்ல பதில் வரும்னுதான் சொன்னாங்க டீச்சர்" என்றார்.

"அதையாவது எழுதிக் குடுங்க சார்."

"வேற ஒரு இடத்துல வேலைக்குக் கேட்டிருக்கேன். இவங்க சான்றுக் கடிதம் குடுத்தாத்தான் எடுப்பாங்க. அம்பத்தஞ்சு வயசு எனக்கு." கதவைப் பிடித்தபடியே நின்றார். "நான் காத்திருக்கத்தான் சொன்னேன் டீச்சர். கேஸ் போடாதீங்கன்னு சொல்லல. நீங்களே யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னது வரிக்கு வரி உண்மை. அதற்கு மேல் கோபப்படக்கூட ஆளில்லாமல் திரும்பி வந்தாள்.

இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீல் கிடைத்தார். அவர் மூலம் நாலு பேரும் அந்த மன்னிப்பு மனுவைப் போட்டார்கள். கையில் எப்போதும் பத்துப் பதினைந்து கட்டு இருக்கும், எந்தக் கட்டு யாருடையது என்று பார்த்துப் பார்த்துத்தான் பேசுவார். விசாரணை நாள் காலையில் தாழ்வாரத்தில் நின்றபடியே நாலு பேரிடமும் பேசினார்.

"பாய்லர் பார்த்தவர் கேஸ் போன வாரம் தீர்ப்பாயிடுச்சு, தெரியுமா? கம்பெனி கைமாறினாலும் சேவை ஒண்ணுதான்னு சொல்லி முழு இருபத்தொரு வருஷத்துக்கும் குடுக்கச் சொல்லிட்டாங்க. இதே நடுவர் மேடம்தான். அதனால உங்க பக்கம் நியாயம் இருக்குன்னு அவங்களுக்கே தெரியும். இப்ப கேள்வி ஒண்ணுதான். தொண்ணூறு நாள் உங்களுக்குத் தெரிஞ்சிருந்ததா, இல்லையா?"

அக்காவும் தங்கையும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"தெரியாம விட்டவங்கள மன்னிக்க வழி உண்டு. தெரிஞ்சும் சும்மா இருந்தவங்களுக்கு இல்ல." அவர் டீச்சரைப் பார்த்தார். "அந்தப் பிரசுரம் உங்க கையில இருந்திருக்கு. அது அந்தப் பாய்லர்க்காரர் சாட்சியத்துலயே வந்துடுச்சு. அதனால உங்களுக்கு ரொம்பக் கஷ்டம். மத்த மூணு பேருக்கு அது போய்ச் சேரலைன்னா..." யாரோ கூப்பிட, கட்டுகளை அணைத்துக்கொண்டு ஓடினார். வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கவும் மாட்டார் என்று டீச்சருக்குப் புரிந்தது.

அவள் மூன்று பேரையும் ஜன்னல் ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"உள்ள கேட்டாங்கன்னா, தொண்ணூறு நாள் கணக்கு தெரியாதுன்னு சொல்லுங்க. நான் உங்ககிட்ட சொல்லலைன்னு நானே சொல்லிடறேன்."

"நீங்கதான் படிச்சுக் காட்டினீங்களே?" என்றாள் சின்னக்கா.

"அதைச் சொல்ல வேணாங்கறேன் அக்கா."

"பொய் சொல்லப் போறீங்களா?"

"ஒரு தடவைதானே."

சின்னக்கா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு சரி என்று தலையை அசைத்தாள். தங்கை டீச்சரின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

விசாரணை அறை சின்னது. ஒரு நீள மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், கிறீச்சிட்டுச் சுற்றும் ஒரு மின்விசிறி. நடுவரம்மாவுக்கு டீச்சர் வயதுதான் இருக்கும். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எரிச்சல்படவில்லை. கடிதத்தை முழுக்கப் படித்திருந்தார்.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமா மேடம்."

"ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க." அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். "இவ்வளவு தெரிஞ்சவங்க, கம்பெனி பதில் சொல்ற வரைக்கும் நாள் ஓடாதுன்னு எப்படி நினைச்சீங்க? யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல மேடம். நானாத்தான் நினைச்சுக்கிட்டேன்."

"பிரசுரத்துல இருந்ததை மத்தவங்ககிட்ட சொன்னீங்களா?"

டீச்சர் மேஜையின் விளிம்பைப் பார்த்தாள். "இல்ல மேடம். சொல்லல."

"ஏன்?"

"குழப்ப வேணாம்னு."

இதற்காகவே காத்திருந்தது போல கம்பெனி வக்கீல் எழுந்தார். பேச்சில் வெண்ணெய் தடவினது போல ஒரு வழவழப்பு. "பார்த்தீங்களா மேடம்? காகிதம் இவங்க கையில இருந்திருக்கு. படிக்கத் தெரியாத ஒரு வயசானவங்க இவங்கள நம்பி கைரேகை வெச்சிருக்காங்க. அவங்ககிட்டயே விஷயத்தை மறைச்சிருக்காங்க. இந்த மூணு பேரையும் ஏமாத்தினது எங்க கம்பெனி இல்ல, கூட வேலை பார்த்த இவங்கதான். இவங்க மறைச்சதுக்கு..."

"யாரு ஏமாத்தினது?"

அறையில் எல்லாரும் திரும்பினார்கள். சின்னக்கா எழுந்து நின்றிருந்தாள். உட்காரச் சொல்லி இலவச சட்ட உதவி வக்கீல் கை காட்டினார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. இருபத்தொரு வருஷம் ரோலர் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி ஓங்கிப்போன குரல் அவளுடையது.

"யாரைப் பார்த்து ஏமாத்துக்காரின்னு சொல்றீங்க? எங்க டீச்சர் எங்ககிட்ட ஒண்ணையும் மறைச்சதில்ல. என் கட்டில்கிட்ட நின்னு, மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சுக் காட்டினாங்க. தொண்ணூறு நாளுன்னு ரெண்டு தடவை படிச்சாங்க. நாங்கதான் பொறுத்துப் பார்ப்போம்னு ஒத்துக்கிட்டோம். அவங்க எங்களுக்காகச் சொல்றாங்கம்மா. அவங்கள அப்படிச் சொல்ல வேணாம்னு அந்தச் சாருகிட்ட சொல்லுங்க."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டு நடுவரைப் பார்த்தாள். நடுவரம்மா கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. பிறகு மெல்ல, "பதிவு பண்ணிக்கோம்மா" என்றார்.

கம்பெனி வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அவர் பேசுவதற்கு இனி எதுவும் மிச்சமில்லை.

வெளியே வந்ததும் தங்கை யாரிடமும் பேசாமல் படியிறங்கிப் போனாள். அக்கா இரண்டு படி இறங்கி, திரும்பி, டீச்சரைப் பார்த்துவிட்டு, தங்கையின் பின்னால் போய்விட்டாள். டீச்சரும் சின்னக்காவும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது.

"அவன் உங்கள அப்படிச் சொல்றான், நான் கேட்டுக்கிட்டு எப்படி உக்காந்திருப்பேன்?" என்றாள் சின்னக்கா. "தலையாட்டிட்டுத்தான் உள்ள வந்தேன். வாயைத் திறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். முடியல."

"பரவால்லக்கா."

"அதனால காசு வராதா?"

வராது என்று டீச்சருக்குத் தெரியும். "தீர்ப்பு வரட்டும்" என்றாள்.

தீர்ப்பு மூன்று வாரத்தில் வந்தது. நாலு பேருக்கும் தனித்தனியாக வந்தது, ஆனால் உள்ளே ஒரே தீர்ப்பு. சின்னக்கா கவரைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்தாள். டீச்சரின் கணவன் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

டீச்சர் காலையிலேயே தன் கவரைப் படித்திருந்தாள். சொல்லவேண்டியதை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். "தள்ளுபடி பண்ணிட்டாங்கக்கா."

சின்னக்கா தன் கவரை அவளிடம் நீட்டினாள். "நான் பேசினது அதுல இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"படிங்க."

"எதுக்குக்கா, விடுங்க."

"படிங்க டீச்சர்."

டீச்சர் படித்தாள். மனுதாரர்களின் கோரிக்கை நியாயமானதே என்பதில் இத்தீர்ப்பாயத்துக்கு ஐயமில்லை. உரிய காலத்தில் வந்திருந்தால் முழுத் தொகையும் கிடைத்திருக்கும். எனினும் காலவரம்பு தங்களுக்குத் தெரியாது என்ற வாதத்தை ஏற்க இயலவில்லை. பிரசுரத்தில் இருந்ததைப் பிறருக்குச் சொல்லவில்லை என்ற முதல் மனுதாரரின் கூற்று நம்பத்தக்கதாக இல்லை. அந்த வரியில் அவள் குரல் ஒரு கணம் தடுக்கியது. முதல் மனுதாரர் அவள்தான். இரண்டாம் மனுதாரர் தாமாகவே எழுந்து, தொண்ணூறு நாள் வரம்பு தமக்கு இருமுறை படித்துக் காட்டப்பட்டதாகவும், தெரிந்தே காத்திருக்க ஒப்புக்கொண்டதாகவும் தெரிவித்தார்.

சின்னக்கா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்படியேதான் எழுதியிருக்காங்க" என்றாள். "ஒரு வார்த்தைகூட மாத்தல."

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. டீச்சர் அதை முப்பதாம் நாளுக்கு விட்டுவைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் வக்கீலைப் பார்க்கப் போனாள். அவர் கட்டுகளுக்கு நடுவில் தேடித் தீர்ப்பை எடுத்து, நின்றபடியே இரண்டாவது பக்கத்தைப் பார்த்தார். மேலே போகலாம், ஆனால் சட்டத்தில் தப்பு இருந்தால்தான் அங்கே கேட்பார்கள், இதில் தப்பே இல்லையே என்றார். அவராலும் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அந்த வாரம் பாய்லர்க்காரர் வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார். அவருக்கு முழுப் பணமும் வந்துவிட்டது என்பதை அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. டீச்சரின் கணவனிடம் மழை, வெயில் என்று எதையெதையோ பேசினார். எழுந்திருக்கும்போதுதான், "உங்கள அன்னைக்கே கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டாவது போயிருக்கணும். காட்டிட்டு வந்துட்டேன். எனக்குப் பேசத் தெரியல" என்றார். டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

டீச்சருக்கு ஒரு லாட்ஜில் படுக்கை விரிக்கும் வேலை கிடைத்தது. பாதிச் சம்பளம். மகளின் கடைசி வருஷக் கட்டணத்துக்கு அவர்கள் இருந்த வீட்டை விட்டு ஓர் அறை குறைந்த வீட்டுக்கு மாறினார்கள். துவாலை அக்கா எப்போதாவது போன் செய்வாள். தங்கை செய்யமாட்டாள். சின்னக்கா ஒரு குடியிருப்பில் ஆறு மாடிப் படிகளைத் துடைக்கிறாள், லிஃப்ட் இருக்கிறது, ஆனால் வாளியோடு அதில் ஏறக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

போன ஞாயிறு அவள் ஒரு காகிதம் கொண்டுவந்தாள். குடியிருப்பில் வேலைக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். டீச்சர் வாங்கி மேலோட்டமாகப் பார்த்தாள். வார விடுமுறை பற்றி ஏதோ ஒப்பந்தம்.

"என்ன போட்டிருக்கு டீச்சர்?"

டீச்சர் முதல் வரியைப் படித்தாள். மறுபடி படித்தாள். அர்த்தம் புரியத்தான் செய்தது. ஆனால் புரிந்ததை நம்பிச் சொல்லிவிட முடியவில்லை. காகிதத்தை மடித்துச் சின்னக்காவின் கையிலேயே வைத்தாள்.

"வேற யார்கிட்டயாவது ஒரு தடவை காட்டிக்குங்கக்கா" என்றாள்.

சின்னக்காவுக்கு விளங்கவில்லை. "யார்கிட்ட காட்டறது?" என்று கேட்டாள்.

டீச்சருக்கும் தெரியவில்லை.